ஒண்டிக்கு ஒண்டி: வார்கிராஃப்ட் கிளாசிக்கின் டூயல் எவ்வளவு நியாயமானது?

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற, இணையத்தில் பலர் கூடி ஆடும் கணினி ஆட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நாற்பது பேர் கூடி டிராகனைக் கொல்லும் ரெய்டுகளைப் பற்றியே எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது அந்த ஆட்டத்தின் ஒரு சின்ன மூலையைப் பற்றி: இரண்டு பேர், நடுவில் நட்ட ஒரு கொடி, மூன்று எண்ணிக்கை, ஒருவர் தோற்கும் வரை சண்டை. பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், ஃப்ரேசர் டவுன், மாரத்தஹள்ளி என்று ஆளுக்கொரு மூலையில் வசிக்கும் தமிழர்கள் நான்கு பேரும் ஓசூரிலிருந்து ஒருவரும் ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டத்துக்குள் இருக்கும் ஆர்கிரிமார் நகரின் வாசலுக்கு வெளியே கூடி, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இதைத்தான் ஆடி வருகிறோம். ஆகவே இந்த மதிப்புரையை ஒரே ஒரு கேள்விக்கான பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்: டூயல் எனப்படும் இந்த ஒண்டிச் சண்டைக்காக மட்டும் ஒருவர் இந்த ஆட்டத்துக்குச் சந்தா கட்டலாமா?

முதலில் அடிப்படைத் தகவல். மூல ஆட்டம் 2004 நவம்பரில் வெளிவந்தது. அதன் 1.12 பதிப்பை அடியொற்றி 2019 ஆகஸ்டில் கிளாசிக் திறக்கப்பட்டது. தனியாக வாங்க வேண்டிய பெட்டி எதுவும் இல்லை. மாதச் சந்தாவிலேயே நவீன பதிப்பும் கிளாசிக்கும் சேர்ந்து வருகின்றன. நாங்கள் இருப்பது ஐரோப்பிய சர்வர் என்பதால் மாதத்துக்கு 12.99 யூரோ. மொத்தம் ஒன்பது கிளாஸ்கள், அதாவது பாத்திர வகைகள். அவற்றில் பாலடின் அலையன்ஸ் அணிக்கு மட்டும், ஷாமன் ஹோர்ட் அணிக்கு மட்டும். உச்ச நிலை 60. டூயலில் யாரும் சாவதில்லை. தோற்பவரின் உயிர் ஒரு புள்ளியில் நின்றுவிடும், பொருள் எதையும் இழப்பதில்லை, கொடியை விட்டு வெகு தூரம் விலகிப் போனால் எச்சரிக்கை வந்து அதுவே தோல்வியாகிவிடும். சண்டை முடிந்தபின் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, இழந்த உயிரை மீட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் கூட்டத்தில் மேஜ் என்ற மந்திரவாதிக் கிளாஸை ஆடுபவர் என் அத்தை மகன். வென்றாலும் தோற்றாலும் மந்திரத்தால் தண்ணீர் வரவழைத்து எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு, “எடுத்துக்கோ மச்சான், அடுத்தது நீதான்” என்பார். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

இப்போது சமநிலைக்கு வருகிறேன். கிளாஸ் சமநிலை என்றதும் எந்தக் கிளாஸும் எந்தக் கிளாஸையும் பாதிக்குப் பாதி வெல்ல வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தின் கல்தரையில் ஆடு புலி ஆட்டத்துக்கான கோடுகள் செதுக்கப்பட்டிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாவி வெட்டும், ஆடு வெட்டாது. ஆட்டுக்குத் தெரிந்ததெல்லாம் சூழ்ந்து அடைப்பது மட்டும்தான். ஆட்டுக்கும் தாவத் தெரிய வேண்டும் என்று யாரும் முறையிட்டு நான் கேட்டதில்லை. அந்த ஆட்டம் நியாயமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. அங்கே தாயக்கட்டை இல்லை, ஆகவே தோற்றவர் எந்த இடத்தில் பிசகினோம் என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அடுத்தது, இந்த முறை புலி வைத்திருந்தவர் அடுத்த முறை ஆடு வைத்துக்கொள்வார். கிளாசிக்கின் டூயலை இந்த இரண்டு அளவுகோல்களாலும் அளந்தே பார்க்கிறேன்.

தோல்விக்குக் காரணம் சுட்ட முடிகிறதா என்ற முதல் அளவுகோலில் இந்த ஆட்டம் சில இடங்களில் சிகரத்தைத் தொடுகிறது. நான் ஆடுவது ரோக், மறைந்து வந்து கத்தியால் தாக்கும் கிளாஸ். என் கையில் கிக் என்ற ஓர் உதை இருக்கிறது. எதிராளி மந்திரம் ஓதும்போது அதை அடித்தால் மந்திரம் கலைவதோடு, அந்த வகை மந்திரத்தை அவர் 5 நொடிக்கு மீண்டும் ஓத முடியாது. ஆனால் ஒரு முறை உதைத்துவிட்டால் அடுத்த உதைக்கு 10 நொடி காத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை மகனின் மேஜை முக்கால் உயிர் இறக்கிவிட்டு, அவர் ஃப்ராஸ்ட்போல்ட் என்ற உறைபனி மந்திரத்தை ஓதத் தொடங்கியதைப் பார்த்தேன். கையில் நீல ஒளி, திரையின் கீழே மந்திரப் பட்டை நிரம்பிக்கொண்டு வந்தது. கிக் அடித்தேன். அதற்கு ஒரு கணம் முன்பே அவர் அரை அடி நகர்ந்து மந்திரத்தைத் தானே நிறுத்தியிருந்தார். உதை காற்றில் போயிற்று. எனக்கு 10 நொடி கை கட்டப்பட்டது. உடனே பாலிமார்ஃப் ஓதி என்னை ஆடாக்கிவிட்டு, பின்னால் நகர்ந்து, நிதானமாக நீளமான மந்திரம் ஒன்றைத் தொடங்கினார். ஆடாகிப்போனவருக்கு உயிர் வேகமாக ஏறும் என்பது அந்த மந்திரத்தின் விலை. அந்த விலையைக் கொடுக்க அவர் தயாராக இருந்தார். நான் தோற்றேன். ஆனால் எந்த நொடியில் தோற்றேன் என்று எனக்குத் தெரியும், அடுத்த வாரம் அந்தப் பொய் ஓதலை எப்படி அடையாளம் காண்பது என்று நாள் முழுவதும் யோசிக்க முடிந்தது. இத்தகைய தோல்விக்குச் சந்தாப் பணம் தகும்.

இதே போல, நேருக்கு நேர் மோதும் போர்வீரக் கிளாஸான வாரியருக்கும் ரோக்குக்கும் நடுவே ஓர் அருமையான முடிச்சு இருக்கிறது. ரோக்கின் பெரிய தற்காப்பு இவேஷன்; அதை அழுத்தினால் வரும் அடிகளில் பலவற்றிலிருந்து தானாக விலகிக்கொள்வார். ஆனால் எதிராளி விலகும்போதெல்லாம் வாரியருக்கு ஓவர்பவர் என்ற அடி திறக்கிறது, அந்த அடியிலிருந்து விலகவே முடியாது. ஆக, மற்ற எல்லோரிடமிருந்தும் என்னைக் காப்பாற்றும் கேடயம் வாரியருக்கு முன் அவர் கையில் நானே எடுத்துக் கொடுக்கும் கத்தியாகிவிடுகிறது. அதற்கும் ஒரு பதில் உண்டு. ஓவர்பவர் அடிக்க வாரியர் தம் மூன்று நிலைகளில் பேட்டில் ஸ்டான்ஸில் நிற்க வேண்டும், நிலை மாறும்போது, அடிகளுக்குச் செலவிடச் சேர்த்து வைத்த கோபத்தின் பெரும்பகுதியை இழப்பார். அவர் எந்த நிலையில் நிற்கிறார் என்று பார்த்து இவேஷனை அழுத்துவது என் வேலை, நான் எப்போது அழுத்துவேன் என்று ஊகித்து நிலை மாறுவது அவர் வேலை. 2004இல் இதை வடிவமைத்தவர்கள் இரண்டு கிளாஸ்களையும் ஒன்றின் கண்ணை ஒன்று பார்க்கும்படி நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

குறைகள் தொடங்குவது கூல்டவுன்களில், அதாவது ஒரு திறனைப் பயன்படுத்தியபின் அது மீண்டும் தயாராகும்வரை காத்திருக்கும் நேரத்தில். ஒரு டூயல் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. ஆனால் சண்டை நடுவிலேயே மறையவைக்கும் ரோக்கின் வேனிஷுக்கு 5 நிமிடம், எதிராளியைக் கண்கட்டித் தடுமாறவைக்கும் பிளைண்டுக்கு 5 நிமிடம். இவற்றையெல்லாம் ஒரே அழுத்தில் மீண்டும் தயாராக்கும் பிரிபரேஷனுக்கு 10 நிமிடம். மேஜுக்கும், பனிக்கட்டிக்குள் தன்னைக் காத்துக்கொள்ளும் ஐஸ் பிளாக், எதிராளியை உறையவைக்கும் ஃப்ராஸ்ட் நோவா ஆகியவற்றை மீண்டும் திறக்கும் கோல்ட் ஸ்னாப் 10 நிமிடம். எல்லாப் பொத்தான்களும் தயாராக இருக்கும்போது நடக்கும் ரோக், மேஜ் சண்டையும், அவை தீர்ந்தபின் நடக்கும் சண்டையும் பெயரளவில்தான் ஒன்று. இதன் உச்சம் வாரியரிடம் இருக்கிறது. ரிடாலியேஷன், ரெக்லெஸ்னெஸ், ஷீல்டு வால் ஆகிய மூன்றும் ஒரே கூல்டவுனைப் பகிர்ந்துகொள்கின்றன. அதன் நீளம் 30 நிமிடம். ரிடாலியேஷன் இயங்கும் 15 நொடிகளில் முன்னால் நின்று அவரை அடிப்பவருக்கு ஒவ்வோர் அடிக்கும் ஓர் அடி திரும்ப விழும். வேகமான இரட்டைக் கத்தி வைத்திருக்கும் ரோக் அதை உணராமல் அடித்துக்கொண்டே இருந்தால் தன்னையே வெட்டிக்கொண்டதற்குச் சமம். 30 நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் வாரியர் அரசர், மிச்ச 29 நிமிடமும் குடிமகன் என்றால், அந்தக் கிளாஸின் பலம் என்னவென்று எந்தச் சண்டையை வைத்துச் சொல்வது?

இதற்கான காரணம் ரகசியம் ஒன்றும் இல்லை. இந்தக் கிளாஸ்கள் நாற்பது பேர் கூடி மோல்டன் கோர் என்ற ரெய்டில் இறங்குவதற்காகவும், ஐந்து பேர் குகைகளுக்குள் போவதற்காகவும் செய்யப்பட்டவை. வாரியரை எடுத்துக்கொண்டால், பின்னால் ஒரு பிரீஸ்ட் நின்று உயிர் ஏற்றிக்கொண்டிருக்கும் என்பதை முன்வைத்தே அந்தக் கிளாஸ் வார்க்கப்பட்டிருக்கிறது. சண்டை தொடங்கும்போது அவருடைய கோபம் பூஜ்யம். அடி கொடுத்தோ வாங்கியோதான் அதைச் சேர்க்க வேண்டும். எதிராளியின் மீது பாயும் சார்ஜை, இன்னும் சண்டைக்குள் இறங்காத நிலையில்தான் பயன்படுத்த முடியும். மேஜோ 20 கஜம் தாண்டிச் செல்லும் பிளிங்கை 15 நொடிக்கு ஒரு முறை வைத்திருக்கிறார், தரையோடு உறையவைக்கும் நோவா வைத்திருக்கிறார், அவருடைய ஒவ்வோர் உறைபனி அடியும் எதிராளியின் நடையைத் தளர்த்துகிறது. தனியாக நிற்கும் வாரியர் தன்னை நெருங்க விடாத மேஜுக்கு எதிரே என்ன செய்ய முடியும் என்பதற்கு ஆட்டம் தரும் நேர்மையான பதில், “துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு வா” என்பதுதான். பிறகு 2007இல் வந்த பர்னிங் க்ரூசேட் விரிவாக்கத்தில் அரீனா என்ற தரவரிசைப் போட்டி தொடங்கியபோதும் இருவர், மூவர், ஐவர் என்ற அணிகள்தான் இருந்தன. ஒண்டிக்கு ஒண்டி என்ற பிரிவே வைக்கப்படவில்லை. டூயல் இந்த வீட்டில் விருந்தாளி. அதற்கென்று தனி அறை கட்டப்படவே இல்லை.

ஹன்டரின் கதை இன்னும் வருத்தமானது. கிளாசிக்கில் அம்பு எய்யக் குறைந்தது 8 கஜ தூரம் வேண்டும், கையால் அடிக்க 5 கஜத்துக்குள் வர வேண்டும். இடைப்பட்ட 3 கஜத்தில் அவருடைய வில்லும் பேசாது, கோடரியும் பேசாது. ஆட்டக்காரர்கள் இதை டெட் ஜோன் என்பார்கள். ஓசூர் நண்பர் ஹன்டர்தான் ஆடுகிறார். அவரை எதிர்க்கும் நான் செய்ய வேண்டியதெல்லாம் அந்த 3 கஜ வளையத்துக்குள் அவரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருந்து, எனக்கு வசதியான நொடியில் உள்ளே பாய்வது. அவர் எவ்வளவு கைதேர்ந்தவர் என்பதற்கும் அந்த வளையத்துக்கும் சம்பந்தமே இல்லை. பர்னிங் க்ரூசேட் காலத்தில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். பழமையை அப்படியே காக்கும் கிளாசிக்கில் குறையும் சேர்ந்தே காக்கப்பட்டிருக்கிறது. பழைய வீட்டைப் புதுப்பிக்காமல் பாதுகாப்பது பெருமைதான், ஆனால் தலை இடிக்கும் நிலைப்படியை நீக்கியிருக்கலாம் என்று ஒவ்வொரு வாரமும் அவருக்காக நினைத்துக்கொள்கிறேன்.

தாயக்கட்டை விஷயம் என்னை மிகவும் வருத்துவது. ஓர்க் இனத்துக்கு ஸ்டன் எனப்படும் மயக்க அடிகளை எதிர்க்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதலாக உண்டு. ஸ்ரீராமபுரத்து நண்பரின் வாரியர் ஓர்க். நான் மறைந்து போய், அவர் திரும்பும் திசையைக் கணித்து, முதுகுப்பக்கம் வந்து சேர்ந்து, 4 நொடி மயக்கம் தரும் சீப் ஷாட்டை அடிக்கிறேன். திரையில் “ரெசிஸ்ட்” என்று ஒரு சொல் வருகிறது. என் மறைவு கலைந்துவிட்டது, அடிகளுக்குத் தேவையான எனர்ஜியில் பெரும்பங்கு செலவாகிவிட்டது, எதிரே ஒரு கோடரி. நான் செய்த பிசகு எதுவும் இல்லை, அவர் காட்டிய திறமையும் எதுவும் இல்லை. அவரே அதை வெற்றியாகக் கணக்கில் எடுப்பதில்லை. “அண்ணா, இது செல்லாது, திரும்ப வாங்க” என்று கொடியை மீண்டும் நடுவார். இரண்டு மனிதர்களின் நல்ல மனத்தால் சரிசெய்யப்படும் குறையை ஆட்டத்தின் சமநிலை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. என் ரோக்கின் அன்டெட் இனத்துக்கு இருக்கும் வில் ஆஃப் த ஃபர்சேக்கன் இதைவிட எவ்வளவோ மேல். அதுவும் பாரபட்சமான வரம்தான். வார்லாக் என்ற சூனியக்காரக் கிளாஸின் அச்ச மந்திரத்தை உதறிவிட்டு, 5 நொடிக்கு அச்சம் அண்டாமல் நிற்கலாம். ஆனால் அதை அழுத்தும் நேரத்தை நான்தான் தேர்ந்தெடுக்கிறேன், நான் எப்போது அழுத்துவேன் என்று வார்லாக்கும் காத்திருக்கிறார். ஃப்ரேசர் டவுனில் இருந்து வார்லாக் ஆடும் எங்கள் மூத்தவர், அச்சத்தை ஓதி என் வரத்தை வீணாக்கவைத்துவிட்டு, 5 நொடி கடந்ததும் டெத் காயில் என்ற இன்னொரு பீதி மந்திரத்தோடு வந்து நிற்பார். அவரிடம் நான் வென்ற இரவுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஒரு முறைகூட மனம் கசந்து கணினியை அணைத்ததில்லை.

மயக்கம், அச்சம், உறைதல் போன்றவை அளவு மீறாமல் இருக்க ஆட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே வகைக் கட்டுப்பாட்டை அடுத்தடுத்து ஒருவர் மீது போட்டால் இரண்டாம் முறை பாதி நேரம்தான் நிற்கும், மூன்றாம் முறை கால் பங்கு, அதற்குப் பிறகு பலிக்காது. இது இல்லாவிட்டால் மறைந்து வரும் ரோக்கும் அச்சமூட்டும் வார்லாக்கும் தவிர இந்தக் கொடியருகே யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது பணப்பை. எஞ்சினியரிங் தொழில் கற்ற எந்தக் கிளாஸும் குண்டு எறிந்து எதிராளியை மயக்கலாம். 30 நொடிக்கு மயக்கமோ நடைத் தளர்ச்சியோ அண்டாமல் காக்கும் ஃப்ரீ ஆக்‌ஷன் போஷன் சந்தையில் காசுக்குக் கிடைக்கிறது. அதைக் குடித்துவிட்டு நிற்பவர் முன்னால் என் கிளாஸின் பாதி அர்த்தமற்றுப் போகிறது. உடைகளும் ஆயுதங்களும் இதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன. நாக்ஸ்ராமஸ் ரெய்டில் கிடைக்கும் கோடரி வைத்திருக்கும் வாரியரும், நீல நிறப் பெயரால் குறிக்கப்படும் நடுத்தரக் கோடரி வைத்திருக்கும் வாரியரும் ஒரே கிளாஸ் என்று சொல்வதே கடினம். முதலாமவர் முன்னால் மேஜும் ஓடத்தான் வேண்டும். நவீன பதிப்பில் 2016இல் வந்த லீஜன் விரிவாக்கம் பிவிபியில், அதாவது ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் சண்டைகளில், எல்லோருடைய உடை பலத்தையும் ஏறக்குறைய சமப்படுத்திப் பார்த்தது; 2018இல் அடுத்த விரிவாக்கத்தோடு அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். எனக்கு அது நல்ல முயற்சியாகப் பட்டது. கிளாசிக்கில் அதன் சாயல்கூட இல்லை.

பெங்களூரிலிருந்து ஆடுபவருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கும். இந்த ஆட்டத்துக்கு இந்தியாவில் சர்வர் இல்லை. அல்சூர் ஏரியை ஒட்டிய என் வீட்டில் ஐரோப்பிய சர்வருக்கான பிங், அதாவது தகவல் போய்வர ஆகும் நேரம், நல்ல நாளில் 150 மில்லிநொடியைச் சுற்றி நிற்கிறது. மழை நாளில் எங்கள் தெருவுக்கு வரும் இணைப்பு நிறுவனத்தின் கம்பி என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு முறை வெற்றி கைக்கு எட்டிய நேரத்தில் திரை உறைந்து நின்றிருக்கிறது. 2019இல் கிளாசிக் தொடங்கியபோது பழைய ஆட்டத்தின் நடையைப் பின்பற்றி, 400 மில்லிநொடிக்குள் வரும் கட்டளைகளைத் தொகுத்து ஒன்றாகச் செயல்படுத்தும் முறை வைத்திருந்தார்கள். அதனால் இரண்டு மேஜ்கள் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் ஆடாக்கிவிட்டு இருவரும் மேய்ந்துகொண்டிருக்கும் காட்சியெல்லாம் நடக்கும். பலருக்கு அது எரிச்சல். தொலைவிலிருந்து ஆடும் எங்களுக்கோ அது ஒருவகையில் நிழல். எங்கள் தாமதமும் மற்றவர்களின் வேகமும் ஒரே தொகுப்பில் விழுந்துவிடும். பின்னாளில் அந்த இடைவெளியை வெகுவாகச் சுருக்கிவிட்டார்கள். இன்று 1.5 நொடியில் முடியும் ஒரு மந்திரத்தைக் கண்டு, முடிவெடுத்து, உதைத்து, அந்த உதை ஐரோப்பா போய்ச் சேருவதற்குள் எங்களுக்கு மிஞ்சும் நேரம் மிகவும் குறைவு. எதிரில் ஓதுபவரும் பெங்களூர்க்காரர் என்பதால் எங்கள் கூட்டத்துக்குள் இது நேராகிவிடுகிறது. உள்ளூர்க் கூட்டம் இல்லாமல் தனியாகச் சேர நினைப்பவர், கைவேகத்தை நம்பும் ரோக்கையோ உதைகளுக்குத் தப்ப வேண்டிய பிரீஸ்டையோ எடுப்பதைவிட, கணித்து ஆடும் வார்லாக்கை எடுப்பது நல்லது.

மற்ற ஆட்டங்களோடு ஒப்பிடாமல் மதிப்பெண் போடுவது சரியாகாது. கில்டு வார்ஸ் 2, 2012இல் வந்தது, சந்தா கிடையாது. அதன் பிவிபி களத்துக்குள் நுழைந்தால் எல்லோரும் 80ஆம் நிலை, எல்லோருடைய பலமும் தேர்ந்தெடுக்கும் அமுலெட் என்ற தாயத்தைப் பொறுத்தது, அதற்குக் காசும் உழைப்பும் தேவையில்லை. ஒரே திறனுக்குக் கதைப்பகுதியில் ஓர் அளவும் பிவிபியில் வேறோர் அளவும் வைத்துத் தனித்தனியாகத் திருத்துகிறார்கள். பணப்பை, கூல்டவுன் என்று நான் சொன்ன இரண்டு குறைகளுக்கும் அது நேர்மையான பதில். ஆனால் திறந்த வெளியில் வழிப்போக்கர் ஒருவரைப் பார்த்து “ஒரு கை பார்க்கலாமா” என்று கொடி நட அங்கே வழியில்லை. தனிக் களம் ஒன்றைத் திறந்து உள்ளே போக வேண்டும். ஆல்பியன் ஆன்லைனில் கிளாஸ் என்பதே இல்லை, உடுத்தியிருப்பதுதான் திறன். ஆசிய சர்வர் 2023இல் வந்ததால் பிங்கும் எங்களுக்கு இதம், கைப்பேசியிலும் ஆடலாம். அங்கே கரப்டட் டஞ்சன் என்ற ஒண்டிக்கு ஒண்டி வேட்டை உண்டு, அதன் மேல் நிலைகளில் தோற்றவர் உடுத்தியதையெல்லாம் இழந்து வெளியே வருகிறார். பந்தயம் வைத்து ஆடும் மனம் எனக்கில்லை என்பதால் அதில் நிலைக்கவில்லை. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் முக்கோணம், அதாவது கத்தி வில்லை வெல்லும், வில் மந்திரத்தை வெல்லும், மந்திரம் கத்தியை வெல்லும் என்பது, சொல்ல எளிது. ஆனால் அங்கே ஒருவரே மூன்றையும் சுமந்து சண்டையின் நடுவிலேயே மாற்றிக்கொள்ள முடிவதால் அந்த முக்கோணம் யாருடைய தலையெழுத்தும் ஆவதில்லை. வார்கிராஃப்டில் ஒரு முறை ரோக் என்றால் கடைசிவரை ரோக்.

அதுதான் என் இரண்டாவது அளவுகோலுக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தது. பக்கம் மாற்றி ஆடுவது. கிளாசிக்கில் அதற்கு விலை அதிகம், ஏனென்றால் இன்னொரு பாத்திரத்தை 60ஆம் நிலைக்கு ஏற்ற மாதங்கள் பிடிக்கும். இருந்தும் சென்ற ஆண்டு எங்கள் கூட்டம் ஒரு முடிவுக்கு வந்தது: ஒவ்வொருவரும் தம்மை அதிகம் தோற்கடிக்கும் கிளாஸையோ, தாம் அதிகம் தோற்கடிக்கும் கிளாஸையோ இரண்டாவதாக வளர்ப்பது. நான் வாரியரை எடுத்தேன். மழைக்காலம் முழுவதும் ஓர்க் கோடரியோடு காட்டுப்பன்றிகளை வெட்டி, மூன்று நிலைகளுக்கு நடுவே விரல்களைப் பழக்கி, 60ஐத் தொட்டேன். முதல் டூயலில் அத்தை மகனின் மேஜுக்கு எதிரே நின்றேன். மூன்று, இரண்டு, ஒன்று. சார்ஜ் அடித்துச் சேர்ந்தேன், ஒரே ஓர் அடி விழுந்தது, தரையோடு உறைந்தேன். அவர் பின்னோக்கி நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு, கோபம் பாதி நிரம்பிய பட்டையோடு, அதைச் செலவழிக்க எதிரில் யாரும் இல்லாமல் நின்ற அந்த நொடிகளில்தான், ஸ்ரீராமபுரத்து நண்பர் இரண்டு ஆண்டுகளாக எவ்வளவு பொறுமையோடு ஆடியிருக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அன்றே அவருக்குப் போன் செய்து சொன்னேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டு விதிகள் மாறின. குண்டும் போஷனும் கிடையாது. 10 நிமிடப் பொத்தான்களும் 30 நிமிடப் பொத்தான்களும் கிடையாது. 5 நிமிடப் பொத்தான்கள் இரண்டு சண்டைக்கு ஒரு முறை. வாரியருக்கு எதிரே நிற்கும் மேஜ் கொடியிலிருந்து 20 கஜத்துக்குள் தொடங்க வேண்டும். ரெசிஸ்ட் ஆன முதல் அடி செல்லாது. உடைகளில் எல்லோரும் நீல நிறத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு கிடைக்கும் ஆட்டம், நான் ஆடிப்பார்த்த கற்பனை உலக ஆட்டங்கள் எல்லாவற்றிலும் மிக நுட்பமான டூயல் என்பேன். விதிகள் எதுவுமின்றி ஆட்டத்தைக் கிடைத்தபடியே எடுத்துக்கொண்டால் டூயலுக்காக ஐந்துக்கு இரண்டரை தருவேன். வீட்டு விதிகளோடும் நம்பகமான நான்கைந்து பேரோடும் ஆடினால் நான்கரை. தனியாள் யாரும் டூயலுக்காக மட்டும் இதற்குச் சந்தா கட்ட வேண்டாம், கில்டு வார்ஸ் 2 அவருக்கு நியாயமாக நடந்துகொள்ளும். கூட்டம் இருப்பவர் கட்டலாம். முதல் கிளாஸாக மேஜை எடுங்கள். தண்ணீருக்காகவாவது எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள், மற்ற எட்டுக் கிளாஸ்களும் எங்கே கை வைக்கும் என்பதை அந்தக் கிளாஸ் மிக விரைவில் கற்றுக்கொடுத்துவிடும்.

ஸ்ரீராமபுரத்து நண்பர் இரண்டாவதாக வளர்த்தது ரோக். வரும் ஞாயிறுக்குள் அவர் 60ஐத் தொட்டுவிடுவார் போலிருக்கிறது. என் வாரியரின் கோடரியைத் தீட்டி வைத்திருக்கிறேன். அந்த ஒரு சண்டைக்கு மட்டும் ரிடாலியேஷனை அனுமதிக்கலாமா என்று அவரே கேட்டிருக்கிறார். “அது எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியணும் அண்ணா” என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.